மறு: டிஎச்சிபியில் வரும் ‘லீஸ்’: குத்தகையா, இரவலா?

குழுவினருக்கு வணக்கம். வலையமைப்பில் இணையும் கணினிக்கு ஐபி முகவரியை, அதாவது வலையில் அதை அடையாளம் காட்டும் எண்ணைத் தானாகத் தரும் நெறிமுறைதான் டிஎச்சிபி. முகவரியைக் கெடு வைத்துத் தருவதை அதில் ‘லீஸ்’ என்கிறார்கள். நம் கையேட்டில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதே பேச்சு.

> ‘லீஸ்’ என்பதற்குக் குத்தகை என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். ஏற்காட்டில் மிளகைக் குத்தகைக்கு எடுப்பவர் பணம் கட்டி விளைச்சலைத் தனதாக்கிக்கொள்கிறார். சேலத்தில் வீட்டை லீசுக்கு விடுவதென்றால் மொத்தத் தொகையை வாங்கி வைத்திருந்து, காலி செய்யும்போது திருப்பித் தருவது. போக்கியம், ஒத்தி என்றெல்லாம் அதற்குப் பெயர். இரண்டிலும் பணம் நடுவே உட்கார்ந்திருக்கிறது. முகவரி தரும் வழங்கி (சர்வர்) எந்தக் கணினியிடமும் காலணா கேட்பதில்லை.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். புதிதாக இணையும் கணினி, ‘முகவரி தருவார் உண்டா?’ என்று வலையமைப்பு முழுவதும் கேட்கக் கூவுகிறது. வழங்கி ஒரு முகவரியை முன்மொழிகிறது. கணினி அதையே வேண்டுகிறது. வழங்கி கெடு வைத்து உறுதிசெய்கிறது. வழக்கமாகக் கெடுவில் பாதி கழிந்ததும் கணினி அதே வழங்கியிடம் நீட்டிப்புக் கேட்கும். பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எந்த வழங்கி தந்தாலும் சரி என்று மறுபடி கூவும். அதுவும் பலிக்காமல் கெடு முடிந்தால் முகவரியை விட்டுவிட வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுத்தவர் தேதி தள்ளிப்போடக் கேட்பதும் இப்படித்தான். ஆகவே என் முன்மொழிவு: இரவல் முகவரி, இரவல் காலம், இரவல் நீட்டிப்பு.

‘தவணை’ என்று தோழி ஒருவர் எழுதியிருந்தார். கெடு என்ற பொருள் அதில் இருப்பது உண்மை. ஆனால் இந்த ஊரில் தவணை என்றதும் ஃபைனான்ஸ்காரர் முகம்தான் நினைவுக்கு வரும்.

> பூட்பியிலும் இரவல் முகவரி என்றே எழுதலாமா?

கூடாது. பூட்பி என்பது டிஎச்சிபிக்கு முன்னோடியான நெறிமுறை. பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் 1985இல் ஆர்.எஃப்.சி. 951 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக எழுதிய அந்த நெறிமுறையில் கெடு என்பதே இல்லை. இந்த வன்பொருள் முகவரிக்கு இந்த ஐபி முகவரி என்று நிர்வாகி கையால் எழுதி வைத்த அட்டவணைதான் அடிப்படை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆர்ஏஆர்பி என்ற நெறிமுறை முகவரியை மட்டுமே தந்தது. அதன் கூவல் வலைப்பிரிவுகளை இணைக்கும் திசைவியை (ரவுட்டர்) தாண்டாது என்பதால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வழங்கி தேவைப்பட்டது. பூட்பி, திசைவி தாண்டிப் போகக்கூடிய யுடிபி என்ற அனுப்பு நெறிமுறையின் மேல் ஏறிக்கொண்டதால் அந்தக் கட்டு அவிழ்ந்தது. முகவரியோடு, எந்த வழங்கியில் எந்தக் கோப்பை எடுத்துத் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லியது. வட்டு இல்லாத கணினிக்கு உயிரே அந்தக் கோப்புப் பெயர்தான். பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் நெறிமுறை வழியே கோப்பை இறக்கிக்கொள்ளும். 1993இல் வந்த டிஎச்சிபி அதே பொட்டல வடிவத்தையும் 67, 68 என்ற அதே முனை (போர்ட்) எண்களையும் வைத்துக்கொண்டு, கெடுவைச் சேர்த்தது. கையேட்டில் இந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

> பூட் = எழுப்புதல்; டிஸ்க்லெஸ் = வட்டிலாக் கணினி

‘எழுப்புதல்’ அழகான சொல், ஆனால் உறங்கும் கணினியை வலை வழியே விழிக்க வைப்பதற்கு அது வேண்டியிருக்கிறது. ‘பூட்’ என்பதற்குத் ‘தொடக்கம்’ போதும். ‘வட்டிலா’வை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் வட்டில் என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ‘வட்டிலா, கிண்ணமா?’ என்று கேட்பார்கள். ‘வட்டற்ற கணினி’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

கூவலை வாங்கி அடுத்த பிரிவிலுள்ள வழங்கிக்கு அனுப்பும் ‘ரிலே ஏஜென்ட்’ இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. ‘கடத்தி’ செம்புக் கம்பிக்குப் போய்விட்டது. ‘கைமாற்றி’ பிடித்திருக்கிறது, ஆனால் இரவலுக்குப் பக்கத்தில் கைமாற்று வந்தால் அதையும் கடன் என்றே படிப்பார்கள். யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?

சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து