மறுமொழி: யால், யூஸ், யின்ஸ் வகைக்கு ஒரு கலைச்சொல்

> 'வட்டாரப் பன்மை' போதாதா?

ஆங்கிலத்தில் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்ல வழங்கும் 'யால்', 'யூஸ்', 'யின்ஸ்' போன்ற வடிவங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி. 'வட்டாரப் பன்மை' போதாது. எங்கே பேசுகிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது, எதற்காக என்பதைச் சொல்லவில்லை. பழைய ஆங்கில முன்னிலையில் ஒருமை, இருமை, பன்மை மூன்றும் இருந்தன. இருமை முதலில் ஒழிந்தது. பிறகு பிரெஞ்சு வழக்கையொட்டி, உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையில் விளிக்கத் தொடங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒருமையான 'தௌ' பொதுவழக்கில் அருகி, பன்மையான 'யூ' இரண்டுக்கும் பொதுவாயிற்று. இழப்பு என்னவென்று அறிய, 1611 ஆங்கில பைபிளில் யோவான் 3:7ஐப் பாருங்கள். இயேசு தம்மோடு பேசும் நிக்கொதேமுவை 'தீ' ('தௌ'வின் வேற்றுமை வடிவம்) என ஒருமையில் சுட்டி, மறுபடியும் பிறக்க வேண்டும் என்பதை மட்டும் 'யே' எனப் பன்மையில் சொல்கிறார். இன்றைய மொழிபெயர்ப்பில் இரண்டும் 'யூ' ஆகிவிட்டால், பேச்சு ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் விரிந்தது தெரியாமலே போகும். அந்த இடத்தை நிரப்புபவைதான் அமெரிக்கத் தென்மாநிலங்களின் 'யால்', பிட்ஸ்பர்க்கின் 'யின்ஸ்', லிவர்பூலின் 'யூஸ்' எல்லாம்.

> 'புதுப்பன்மை', 'இரட்டைப் பன்மை' இரண்டில் ஒன்று?

முதலாவதற்கு அயர்லாந்தின் 'யே' இடிக்கிறது. அது பழைய எழுவாய் வடிவம், அங்கே இன்றும் பன்மைக்கு வழங்குகிறது. இரண்டாவது, 'யூ'வோடு பன்மை விகுதி சேர்ந்த 'யூஸ்' வடிவத்துக்குச் சரி, 'கள்' விகுதி ஏறிய நம் 'நீங்கள்' வடிவத்துக்கும் சரி. 'ஆல்' சேர்ந்த 'யால்' வடிவத்தில் விகுதியே இல்லை. ஜமைக்கா கிரியோலின் (கலப்பு மொழியின்) பன்மை முன்னிலையான 'உனு' மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. அதற்கு 'யூ'வோடு உறவே கிடையாது.

என் முன்மொழிவு: தெளிபன்மை. வினைத்தொகை, ஆகவே ப் மிகாது. பிறந்த வழி எதுவானாலும், கேட்பவர் பலர் என்பதைத் தெளிவாக்கும் வடிவம் என்ற பொருள் நிற்கும்.

> கடையில் தனியாக நிற்பவரிடமும் 'யால்' என்கிறார்களே?

பெரும்பாலும் அது அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் குறிக்கும்: 'உங்க கடையில முட்டை இருக்கா' என்பது போல. ஒருவரை மட்டும் குறிக்குமா என்பதில் மொழியியலாளரிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே வரையறையில் 'மட்டுமே' வேண்டாம், 'முதன்மையாக' என்றே எழுதலாம்.

மரியாதைப் பன்மையை இதோடு சேர்க்க வேண்டாம். ஒருவரைப் பலராகச் சொல்வதை நன்னூல் உயர்வு பற்றிய வழுவமைதியில் (பிழையானாலும் ஏற்கப்படும் வழக்கில்) அடக்குகிறது. அதற்குத் தனிப் பதிவு தேவை.

கலைச்சொல் பட்டியலுக்கான வரைவு:
தெளிபன்மை – முன்னிலையில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியில், முதன்மையாகப் பலரைச் சுட்டும் தனி வடிவம்.