புதுப்பிப்பு: எஸ்ஏடியா, ஏசிடியா, இரண்டுமா?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி, ஏசிடி ஆகிய இரண்டு தேர்வுகளில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. முடிவு: எஸ்ஏடி மட்டும்.

கைகொடுத்தது, ஒரே வாரத்தில் இரண்டுக்கும் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொன்ன யோசனை. ஏசிடி 31, எஸ்ஏடி 1450. ஒப்பீட்டு அட்டவணைப்படி ஏசிடி 31 என்பது எஸ்ஏடி 1400-க்குத்தான் சமம். வித்தியாசம் நேரத்தில்தான்: எஸ்ஏடி கணிதத்தில் 44 கேள்விக்கு 70 நிமிடம், புதிய ஏசிடியில் 45-க்கு 50 நிமிடம்தான். எஸ்ஏடி மாதிரித் தேர்வை, அசல் தேர்வு நடக்கும் புளூபுக் செயலியிலேயே எழுதுங்கள். முதல் பகுதியில் தவறு கூடினால் இரண்டாம் பகுதி எளிதாக வரும், மதிப்பெண்ணுக்கும் உச்சவரம்பு விழும். தாளில் எழுதினால் இது தெரியாது.

எதிர்பாராதவை இரண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழக (யூசி) வளாகங்கள் சேர்க்கையில் எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் எதையும் பார்ப்பதில்லை, மாசசூசெட்ஸின் எம்ஐடிக்கோ கட்டாயம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், நாம் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கிறது, ஆகவே ‘சும்மா ஒருமுறை’ எழுதிப் பார்ப்பது வீண் வம்பு. பாடவாரி எஸ்ஏடி பற்றிக் கேட்டவருக்கு: அது 2021-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.