ஐ-20 முடியும் தேதியும் அமெரிக்க ஓட்டுநர் உரிமமும்: எங்கள் அனுபவங்கள்

முதல் பகிர்வு

கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த எஃப்-1 மாணவர் விசா ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்பதால், ஓட்டுநர் உரிமமும் அதுவரை செல்லும் என்று நம்பியிருந்தேன். உரிமத்தில் அச்சாகியிருந்ததோ பல்கலைக்கழகம் எனக்கு வழங்கிய ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் முதுகலைப் படிப்பு முடிவதாகக் குறித்திருந்த நாள். விசா நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டுமே உரியது. தற்காலிகமாகத் தங்குவோரின் உரிமம் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டக் கூடாது என்பது 2005-இல் இயற்றப்பட்ட ரியல் ஐடி சட்டத்தின் விதி. படிப்பு முடிந்தபின் ஊர் திரும்புவதற்கென 60 நாட்கள் அவகாசம் உண்டு என்றாலும், என் உரிமத்தில் அந்த நாட்கள் சேர்க்கப்படவில்லை.

ஓபிடி எனப்படும் பயிற்சிப் பணிக்குப் படிப்பு முடிய 90 நாட்கள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நான் ஆய்வறிக்கையை முடிக்கும் மும்முரத்தில் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டேன். அதனால் மே மாதத்தில் உரிமம் காலாவதியானபோது என் கையில் இருந்தது விண்ணப்பம் பெற்றதற்கான ரசீது மட்டுமே. உரிம அலுவலகத்தில், பணி அனுமதி அட்டையைக் கொண்டுவந்தால்தான் புதுப்பிக்க முடியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்தே இல்லாத ஊரில் ஐந்து வாரங்கள் கார் வாசலிலேயே நின்றது. அவசரத்துக்கு ஒருமுறை ஓட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். செல்லாத உரிமத்துடன் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும் என்ற அச்சத்தில் நான் இணங்கவில்லை, அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அட்டை வந்த மறுநாளே அலுவலகத்துக்குச் சென்று, அது செல்லும் நாள் வரைக்குமான உரிமத்தைப் பெற்றேன்.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதிய சகோதரிக்கு நேர்ந்ததற்கு நேர்மாறாக, எனக்கு எல்லா ஆவணங்களும் இருந்தும் சிக்கல் பெயரில் வந்தது. நம்மில் பலரைப் போலவே என் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதனால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்கு மாறி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சாகிவிட்டது. உரிம அலுவலகங்கள் நம் குடிவரவு நிலையை ‘சேவ்’ என்ற மத்திய அரசின் கணினி முறை வழியாகச் சரிபார்க்கின்றன. நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் என் ஐ-94 பதிவில் ஒரு விதமாகவும் ஐ-20 படிவத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால் உடனடி விடை கிடைக்காமல், கோப்பு கூடுதல் சரிபார்ப்புக்குச் சென்றது. பிறந்த தேதியையும் ஆவண எண்ணையும் கொடுத்து அந்தச் சரிபார்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை இணையத்தில் நாமே பார்க்க முடியும் என்பதை அங்கிருந்த ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்; அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பதினொரு நாட்களில் முடிந்தது. பெயர் வேறுபாடு உள்ளவர்கள் உரிமம் முடிவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி ஐ-20-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பகிர்வு

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறையினருக்கான 24 மாத ஓபிடி நீட்டிப்புக்கு உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தால், பழைய பணி அனுமதி அட்டை முடிந்த பிறகும் 180 நாட்கள் வரை வேலை செய்யலாம். ஆனால் அட்டையில் பழைய தேதியே இருக்கும் என்பதால், நான் உரிமத்தைப் புதுப்பிக்கச் சென்றபோது உரிம அலுவலகத்தின் முதல் சாளரத்தில் இருந்தவர் அதை மட்டும் பார்த்து மறுத்துவிட்டார். மேற்பார்வையாளரைச் சந்திக்க அனுமதி கேட்டு, பழைய அட்டை, விண்ணப்ப ரசீது, நீட்டிப்புக் கோரிக்கை பதிவான புதிய ஐ-20 ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துக் காட்டினேன். அவர் ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, அன்றே தற்காலிகக் காகித உரிமத்தைக் கொடுத்தார்.