தயாரிப்பாளரை அருகில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்:

நடிகரைப் படப்பிடிப்பில் பார்த்த கதையும், இயக்குநரிடம் வாய்ப்புக் கேட்டு அலைந்த கதையும் நம்மிடையே ஏராளம். படத்துக்குப் பணம் புரட்டி, அதைத் திரையரங்கு வரை கொண்டுவந்து சேர்த்தவரோடு பழகியவர்கள் எழுதுவதுதான் அரிது. காரைக்குடியில் தொடங்கி 1948இல் வடபழனிக்கு வந்த ஏவி. மெய்யப்பனைப் பற்றியும், ஜெமினி வாசனைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. சொந்த ஸ்டுடியோ இல்லாமல், ஒற்றை அறை அலுவலகத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்தவர்களைப் பற்றி எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம்.

லேபில் டெலிவரிப் பிரிவில் இருந்தவர்:

எண்பதுகளின் இறுதியிலிருந்து பிலிம் காலம் முடியும் வரை சென்னையில், படச்சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடும் ஒரு கலர் லேபில் பணியாற்றினேன். தயாரிப்பாளர்களைப் பூஜையன்று பார்த்தவர்களுக்கு மாலையும் சிரிப்பும்தான் நினைவில் இருக்கும். நாங்கள் அவர்களைப் பார்த்தது வியாழக்கிழமை இரவுகளில். படத்துக்குக் கடன் கொடுத்த ஃபைனான்சியருக்கு அடமானமாக இருப்பது நெகட்டிவ்தான். அது லேபில் இருக்கும். ஃபைனான்சியர் எழுத்து மூலம் ஒப்புதல் தராமல் பிரிண்ட் வெளியே போகாது என்று லேப் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கும். இதை லேப் லெட்டர் என்போம். ஆகவே வெள்ளிக்கிழமை படம் வெளிவர வேண்டுமானால், வியாழக்கிழமை இரவுக்குள் விநியோகஸ்தர்கள் மீதித் தொகையைக் கட்ட வேண்டும்; அந்தத் தொகையிலிருந்து ஃபைனான்சியரின் அசலும் வட்டியும், லேபின் பாக்கியும் தீர வேண்டும்; இதற்கிடையில் சம்பள பாக்கி என்று யாராவது வந்து நின்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

நான் குறிப்பிடும் முதலாளி, புரொடக்‌ஷன் பையனாகச் சேர்ந்து, மேனேஜராக உயர்ந்து, பிறகு சொந்தமாகப் படம் எடுத்தவர். (எங்கள் வட்டாரத்தில் தயாரிப்பாளரை முதலாளி என்றுதான் அழைப்போம், கையில் காசே இல்லாவிட்டாலும்.) அவருடைய ஒரு படத்தின் வெளியீட்டுக்கு முந்தைய இரவு, டெலிவரி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்து, சட்டைப்பையிலிருந்த சிறு டைரியில் ஏரியா ஏரியாவாக, அதாவது விநியோகப் பகுதிவாரியாக, வந்த தொகையைக் குறித்துக்கொண்டிருந்தார். என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு) வந்துவிட்டது, கோவை வந்துவிட்டது, சேலத்தில் பாதிதான் வந்தது. மதுரை ராமநாதபுரம் ஏரியாக்காரர், பேசிய தொகையில் கணிசமாகக் குறைத்தால்தான் படப்பெட்டியை எடுப்பேன் என்று நின்றார். அந்த நேரத்தில் வேறு ஆள் கிடைக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு. இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 14 ரீல், அத்தனையும் பெட்டியில் ஊருக்கு ஊர் போய்ச் சேர வேண்டும். நாகர்கோவில் சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர். செங்கல்பட்டுப் பெட்டி விடியற்காலையில் புறப்பட்டாலும் போதும். தெற்கே போக வேண்டியது மாலையிலேயே புறப்பட்டாக வேண்டும். அங்கே காலைக்காட்சி ரத்தானால் ‘படப்பெட்டி வரவில்லையாம்’ என்ற பேச்சு மற்ற ஊர்களுக்கும் பரவி, படத்தின் பெயரே கெட்டுவிடும். அதனால் தொகை முழுவதும் சேரும் முன்பே தெற்குப் பெட்டிகளை அனுப்ப ஃபைனான்சியரின் சம்மதம் தேவை. எங்கள் அலுவலகத் தொலைபேசியில் முதலாளி பேசியதைப் பக்கத்திலிருந்து கேட்டேன். “சென்னை சிட்டியை நான் யாருக்கும் விற்கலை அண்ணே. அந்த வசூல் நேரா உங்க ஆபீஸுக்கே வரட்டும். தெற்கை மட்டும் இப்ப விடுங்க” என்றார். கெஞ்சும் குரல் இல்லை. சற்று நேரத்தில் ஃபைனான்சியரின் ஆள் ஒப்புதல் கடிதத்தோடு வந்தார். அதே ஃபைனான்சியர் அதே வாரத்தில் இன்னொரு தயாரிப்பாளருக்கு ஒரு பெட்டியைக்கூட விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மதுரையில் விநியோக அலுவலகத்தில் இருந்தவர்:

மேலே எழுதியவர் யாரைக் குறிப்பிடுகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நானும் பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். தொகையைக் குறைத்துக் கேட்டதாக வரும் ஏரியாக்காரரின் அலுவலகத்தில்தான் நான் இருந்தேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள். மினிமம் கேரண்டி என்பது திரும்பாத பணம். படம் விழுந்தால் நஷ்டம் முழுவதும் வாங்கியவர் தலையில். விநியோக முறையில் கொடுக்கும் அட்வான்ஸ் என்றால், வசூலாகாத பகுதியைத் தயாரிப்பாளர் திருப்பித்தர வேண்டும். இவர் அவுட்ரேட்டுக்கு, அதாவது ஒரே விலைக்கு மொத்தமாக, விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ரகம் அல்லர். முந்தைய படத்தை எங்களுக்கு அட்வான்ஸ் அடிப்படையில் கொடுத்திருந்தார், அது இரண்டாம் வாரத்திலேயே படுத்துவிட்டது. நாங்கள் அன்று இரவு குறைத்துக் கேட்டது அந்தப் பழைய பாக்கியை மனத்தில் வைத்துத்தான்.

அவர் பிறகு மதுரைக்கே வந்தார். திரையரங்குகளின் டி.சி.ஆர். தாள்களை, அதாவது அன்றாட வசூல் அறிக்கைகளை, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கை ஒப்புக்கொண்டார். அடுத்த படத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இப்படிக் கழித்துக் கழித்தே படமெடுத்தவர்தான் அவர். ஒவ்வொரு புதுப்படமும் முந்தைய படத்தின் கடனைச் சுமந்துகொண்டே பிறந்தது. எங்கள் விநியோக அலுவலக முதலாளி அவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் அவர் படம் என்றால் வாங்காமலும் விட்டதில்லை.

தயாரிப்பு அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்:

அவரிடமே வேலை பார்த்தவன் நான். சாண்டோ சின்னப்பா தேவரைப் பற்றித் திரையுலகில் ஒரு செய்தி சொல்வார்கள்: நடிகருக்குப் பேசிய சம்பளத்தை முன்கூட்டியே முழுவதும் கொடுத்துவிடுவார், பூஜை போடும்போதே வெளியீட்டுத் தேதியையும் முடிவு செய்துவிடுவார் என்று. 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ தொடங்கி எம்.ஜி.ஆரோடு மட்டுமே 16 படங்கள் எடுத்தவர், 1971இல் இந்திக்கும் போய் ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் வென்றவர். எங்கள் முதலாளிக்கு அவர்தான் முன்மாதிரி. ஆனால் தேவரைப் போல முன்பணமாகக் கொடுக்க வசதி இல்லாததால், பேட்டா விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றினார். லைட்மேனிலிருந்து டிரைவர் வரை அன்றன்றைய பேட்டா அன்று மாலையே பட்டுவாடா ஆகிவிட வேண்டும். ஒருமுறை பொள்ளாச்சிப் படப்பிடிப்பில் பணம் வரத் தாமதமானபோது, தன் காரை அங்கேயே அடகு வைத்துக் கொடுத்தார். வவுச்சரை என்னைத்தான் எழுதச் சொன்னார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டதற்கு, “போக்குவரத்துன்னு எழுதுங்க தம்பி” என்றார்.

1998இல் மத்திய அரசு திரைப்படத்துறைக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது. வங்கிக் கடன் கிடைக்கும் என்று நாங்களும் மகிழ்ந்தோம். வங்கிகள் கேட்டதோ சொத்துப் பத்திரமும் பல ஆண்டுத் தணிக்கைக் கணக்கும். எங்களிடம் இருந்தவை பழைய டைரிகள்தாம். பழைய ஃபைனான்சியரிடமே திரும்பினோம்.

பிறகு 2005 வாக்கில் டிஜிட்டல் திரையிடல் பரவத் தொடங்கியதும் பிரிண்ட் செலவு மெல்லக் குறைந்தது. அதற்கு மாற்றாக ஒவ்வொரு திரைக்கும் வி.பி.எஃப். (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) என்னும் கட்டணம் வந்தது. (2018 மார்ச்சில் இதை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும்.) தொலைக்காட்சி உரிமையை முன்கூட்டியே விற்றுத்தான் பட்ஜெட் போட முடியும் என்ற நிலை வந்தபோது, பெரிய நடிகரின் தேதி கிடைக்காத இவரைப் போன்றவர்களுக்கு வழி அடைபட்டது. கடைசிப் படத்தைத் தணிக்கை முடித்து, ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனிலிருந்து சான்றிதழையும் வாங்கி வைத்தார், திரையரங்கு கிடைக்கவில்லை. மதுரைக்காரரின் பாக்கி எங்கள் பேரேட்டில் தீராமலே நிற்கிறது. அந்த அலுவலகத்தினர் இன்னும் தொடர்பில் இருந்தால் சொல்லுங்கள். முதலாளியின் மகன் அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மதுரையில் விநியோக அலுவலகத்தில் இருந்தவர்:

எங்கள் முதலாளி காலமாகிவிட்டார், அலுவலகத்தையும் மூடியாயிற்று. உங்கள் முதலாளி கையெழுத்திட்ட அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.