கிணத்துத் தண்ணிக்கு சாஃப்ட்னரா ஆர்ஓவா?

திருமங்கலத்தான்:
திருமங்கலம் பக்கம் வீடு கட்டி குடி வந்திருக்கோம், கிணத்துத் தண்ணிதான். பருப்பு வேகவே மாட்டேங்குது, குழாய் வாயில வெள்ளையா உப்பு பூத்து நிக்குது, ராத்திரி வாளில புடிச்சு வச்சா காலைல அடியில மஞ்சளா படியுது. கம்பெனி ஆளு மீட்டர விட்டுப் பாத்துட்டு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1400, வீடு முழுக்க ஆர்ஓ, அதான் உப்ப வடிகட்டுற மெஷின், போடுங்கன்றாரு. என்னண்ணே பண்ணலாம்?

மேலூர்க்காரன்:
மீட்டர மட்டும் நம்பி காசக் கொட்டிறாதீங்க தம்பி. அது மொத்த உப்பத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு இரும்பு எவ்வளவு ஃப்ளோரைடு இருக்கான்னு எதுவும் சொல்லாது. மொதல்ல குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணியக் குடுங்க. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டுச்சுன்னா காய்ச்சினாலும் போகாது, பிள்ளைங்க பல்லுதான் காவியேறிப் போகும்.

வைகைக்கரை:
மஞ்சளா படியுறது பெரும்பாலும் இரும்புதான். அதுக்கு இரும்பு ஃபில்டர் சாஃப்ட்னருக்கு முன்னாடி வரணும், இல்லைன்னா சாஃப்ட்னர் உள்ள சுண்ணாம்பப் புடிக்கிற ரெசின் மணிங்க வீணாப்போகும். சாஃப்ட்னர் சுண்ணாம்ப எடுத்துட்டு சோடியத்த விடும், டிடிஎஸ் குறையாது, அதனால குளிக்கத் துவைக்க அது போதும், குடிக்க சமைக்க மட்டும் அடுப்படில ஒரு சின்ன ஆர்ஓ. வீடு முழுக்க ஆர்ஓ போட்டா கழிவாப் போற தண்ணிக்கு கோடைல கிணறு தாங்காதுங்க.

திருமங்கலத்தான்:
அப்பாவுக்கு பிரஷர் இருக்கு, சோடியம்னு சொல்றீங்களே?

வைகைக்கரை:
அடுப்படிக்கு ஆர்ஓ தண்ணிதான போகுது, அதுல சோடியமும் கொறஞ்சிரும். சாஃப்ட்னர் ரெசினக் கழுவி வெளிய வர்ற உப்புத்தண்ணிய மட்டும் தென்னைக்கு விட்றாதீங்க.