ஃபுளொப்பில் ஒவ்வொரு தடவையும் சீ-பெட் போடலாமா?

கல்லடிப் பாலம்:
போயா நாட்களில் பின்னேரம் கல்லடியில் ஐந்தாறு பேர் சேர்ந்து டெக்சஸ் ஹோல்டெம் விளையாடுகிறோம். காசு இல்லை, புளியங்கொட்டைதான் சிப்ஸ். எல்லாரும் முந்நூற்றிநாலு கடதாசி விளையாட்டில் வளர்ந்த ஆட்கள். முதலில் ரெய்ஸ் செய்தவர் (பந்தயத்தைக் கூட்டினவர்) ஃபுளொப்பிலும், அதாவது நடுவில் முதல் மூன்று கடதாசி திறந்த பிறகும், விடாமல் பெட் போட வேண்டும், அதுதான் சீ-பெட் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், கொஞ்சக் காலம் அது நன்றாகவே ஓடியது, இப்போது ஒருத்தரும் ஃபோல்ட் செய்து கையை விடுகிறார்கள் இல்லை. போன முறை கையில் ஏஸ், கிங். ரெய்ஸ் செய்தேன், இரண்டு பேர் கோல் (அதே அளவு போட்டார்கள்). ஃபுளொப் 9-8-6, அதில் இரண்டு ஒரே சின்னம். பொட்டில் (நடுவில் சேர்ந்ததில்) 20 கொட்டை, நான் 10 போட்டேன். ஒருவர் கோல், மற்றவர் ரெய்ஸ். நூற்றுக்கு இத்தனை தடவை போடலாம் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

வாவிக்கரை:
மச்சான், நூற்றுக்கு எத்தனை என்று தேடாதே, எத்தனை பேர் கோல் செய்தார்கள் என்று முதலில் பார். 20 இருக்கிற பொட்டுக்கு 10 போட்டால், மூன்று தடவையில் ஒரு தடவை ஃபோல்ட் கிடைத்தாலே முதலுக்கு மோசமில்லை. பொட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் நாலில் ஒன்று போதும், முழுப் பொட் என்றால் இரண்டில் ஒன்று வேண்டும். ஜோடியில்லாத கைக்கு ஃபுளொப்பில் ஜோடி சேர்வது மூன்றில் ஒரு தடவைக்கும் கொஞ்சம் குறைவு. எதிரே ஒருவர் மட்டும் என்றால் அவரும் பெரும்பாலும் வெறுங்கைதான், அதனால்தான் இந்த வித்தை ஓடுகிறது. இரண்டு பேர் என்றால் இரண்டு பேருமே விட வேண்டும். ஒவ்வொருவரும் பாதித் தடவை விடுகிறவர் என்று வைத்தாலும், சேர்ந்து விடுவது நாலில் ஒன்றுதான். உன் 10 கொட்டைக்கு அது கட்டாது.

தம்பிலுவில்காரன்:
கணக்கு சரி. ஆனால் ஃபுளொப் யாருக்குப் பிடித்தது என்பதுதான் பெரிய விசயம் தம்பி. கிங்-7-2, மூன்றும் வேறு வேறு சின்னம், எதிரே ஒருவர்தான் என்றால் கையில் என்ன இருந்தாலும் சின்னதாகப் போடலாம், ஏனென்றால் கிங், ஏஸ் எல்லாம் ரெய்ஸ் செய்தவரிடம் இருக்கத்தான் வாய்ப்புக் கூட. 9-8-6 அப்படியில்லை, அது கோல் செய்தவரின் ஃபுளொப்: 10-7, 8-7, சின்ன ஜோடிகள். அதுவும் நம்மட ஆட்கள்! ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று முந்நூற்றிநாலில் எண்ணிப் பழகினவர்களுக்கு ஜேக்-9 கையில் வந்தால் கீழே போட மனம் வருமா? அந்த மாதிரி ஃபுளொப்பில் பாதிக்கு மேல் செக்தான், பெட் போடாமல் விடுவதுதான். உனக்குப் பிறகு பேச ஆள் இருந்தால் இன்னும் கூட.

கல்லடிப் பாலம்:
செக் செய்தால் கையில் ஒன்றுமில்லை என்று பிடித்துவிடுவார்களே அண்ணே? மறுகா அவர்கள் போடத் தொடங்கினால்?

தம்பிலுவில்காரன்:
ஏஸ் ஜோடி வந்தாலும் அங்கே சில நேரம் செக் செய். உன் செக்கை நம்பிப் போட்டவர் ஒரு தடவை ரெய்ஸ் வாங்கினால் அடுத்த முறை யோசிப்பார்.

வெறும் ஜோடி:
புளியங்கொட்டைக்கு எவன் ஃபோல்ட் செய்வான்? அப்படியான மேசையில் வெறுங்கை சீ-பெட்டை அடியோடு குறை. ஏஸ்-கிங்குக்கு கிங் விழுந்தால் பொட்டில் முக்கால் பங்கு போடு, அடுத்த கடதாசிக்கும் போடு, எப்படியும் கோல் செய்வார்கள். இல்லையென்றால் ஆளுக்கு இவ்வளவு கொட்டைதான், முடிந்தால் அன்று வெளியே என்று வைத்துப் பாருங்கள், அப்போது ஃபோல்ட் தானாக வரும். எங்கள் பக்கம் முதலில் வெளியேறுகிறவர்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.