சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப்: கடையில் என்ன சொல்லி பிரிண்ட், பைண்டிங் கொடுக்கணும்?

ஒற்றியூர்_பட்டறை
பைக் சர்வீஸ் மேனுவல், 412 பக்கம், லெட்டர் சைஸ் பிடிஎஃப். ஒயரிங் டயகிராம் 8 பக்கம் மட்டும் கலர். பட்டறையில் விரிச்சு வெச்சுப் பார்க்கணும். வண்ணாரப்பேட்டை பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாம்னு இருக்கேன். ஸ்பைரலா, கம் பைண்டிங்கா? கடைக்காரர்கிட்ட என்னென்ன சொல்லணும்?

பைண்டிங்_மேஜை
ஸ்பைரல்தான் அண்ணே. கம் பைண்டிங் மேஜையில் விரிஞ்சு நிக்காது, அழுத்தினா முதுகுப் பசை விட்டுத் தாள் கழண்டுடும்.

பேக் டு பேக் போட்டா 206 தாள். 75 ஜிஎஸ்எம் (தாளோட எடைக் கணக்கு) தாளில் பத்துத் தாள் சுமார் 1 மி.மீ., ஆக 2 செ.மீ. கனம் வரும். அதை ஒரே புத்தகமா போட்டா புரட்டப் புரட்ட ஓட்டை கிழியும். இன்ஜின் ஒண்ணு, எலக்ட்ரிக்கல், சேஸிஸ் இன்னொண்ணுன்னு ரெண்டாப் பிரிங்க. கம்பிச்சுருள் தாள் கனத்தைவிட 2, 3 மி.மீ. பெருசா இருக்கணும், இறுக்கமா இருந்தா பக்கம் திரும்பாது.

கடையில் போடுறது ஏ4 தாள், லெட்டர் அதைவிட 6 மி.மீ. அகலம், அதனால் பிரிண்ட்ல 'ஃபிட்' கொடுக்கச் சொல்லுங்க, சுமார் 97% ஆகும். கேஸ்கெட் மாதிரி அளவுக்கு அளவு வரைஞ்ச பக்கம் இருந்தா அதை மட்டும் 'ஆக்சுவல் சைஸ்'. ஒரு தாள் எடுத்து ஸ்கேல் வெச்சுப் பாருங்க. இடது ஓரம் 12 மி.மீ.யாவது காலியா இருக்கணும், இல்லேன்னா ஓட்டை எழுத்து மேலேயே விழும்.

மூலக்கடை_63
கலரை கருப்பு-வெள்ளையில் போட்டுடாதீங்க, சிவப்பு ஒயரும் பச்சை ஒயரும் ஒரே சாம்பலா விழும். அந்த 8 பக்கத்தைத் தனி ஃபைலாப் பிரிச்சு, ஏ3-யில் ஒரு பக்கமா எடுங்க. எங்கே சேர்க்கணும்னு துண்டுச்சீட்டில் எழுதும்போது தாளில் அச்சான எண்ணை எழுதாதீங்க, பிடிஎஃப் காட்டுற எண்ணை எழுதுங்க. முன்னுரை, அட்டையெல்லாம் கணக்கில் வர்றதால ரெண்டும் ஒத்துப்போகாது.

ஒற்றியூர்_பட்டறை
ஏ3-யை ஏ4 ஸ்பைரலுக்குள்ள எப்படி மடிக்கிறது?

பைண்டிங்_மேஜை
இடது ஓரத்தில் மட்டும்தான் ஓட்டை. வலது பாதியை உள்ளே மடிச்சு, பாதியில் திரும்ப வெளியே மடிங்க. அப்போ எந்த மடிப்பும் ஓட்டைக்குள்ள போகாது. நேரா ரெண்டா மடிச்சா ரெண்டு பாதியும் சேர்ந்து ஓட்டையாகிக் கம்பியில் மாட்டிக்கும், டயகிராம் விரியாது.

ஓட்டை போடுறதுக்கு முன்னாடி பக்க எண்ணை ஒருமுறை புரட்டிடுங்க. கடலோரக் காத்தில் பிரிச்சு வெச்ச பண்டல் ஈரம் இழுத்து ரெண்டு தாள் ஒட்டிப் போகும், நடுவில் வெள்ளைத்தாள் வந்துடும். புதுப் பண்டல் பிரிக்கச் சொல்லுங்க. முன்னாடி கண்ணாடி ஷீட், பின்னாடி கெட்டி அட்டை. டார்க் (torque) அட்டவணையை, அதாவது எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கிற பக்கத்தை மட்டும் இன்னொரு காப்பி எடுத்து லேமினேட் பண்ணி சுவத்துல மாட்டுங்க, கிரீஸ் கையோட அடிக்கடி தொடுறது அதுதான்.